வளவு வீட்டை உடைத்து விற்கலாம் என்கிறார்கள் பங்காளிகள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும்

வளவுவாசல் எழுதியது:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐயாவுடைய அப்பச்சி (அப்பா) பர்மாவில் லேவாதேவி செய்து சம்பாதித்துக் கட்டிய வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி அறைகள், அதைத்தான் வளவு என்போம். இன்றைக்குப் பதினொரு பங்கு. நான்கு பங்கு சென்னையில், இரண்டு கோயம்புத்தூரில், மற்றவை கடல் கடந்து. ஊரில் ஒருவரும் இல்லை. கூட்டிப் பெருக்க ஒரு அம்மா வருகிறார். அவருக்கும் முழங்கால் வலி.

போன வாரம் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில் ஒரு அண்ணன் படம் போட்டார். பின்பக்கம் இரண்டாங்கட்டுக் கூரையில் ஓட்டை, கீழே தரையில் தண்ணீர். "வீடு உடைக்கிறவரிடம் பேசிவிட்டேன். தூண், கதவு, உத்தரம் எல்லாம் சேர்த்து நல்ல விலை சொல்கிறார். இன்னும் இரண்டு மழை போனால் இந்த விலையும் வராது" என்று எழுதியிருந்தார். ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். நான் தூக்கவில்லை. "ஏன்டா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "பழைய வீடு அண்ணே, பாதுகாக்க வேண்டாமா" என்றேன். "நீ வருஷத்துக்கு எத்தனை நாள் அங்கே தங்குகிறாய்?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். போன வருடம் இரண்டு நாள் போனேன். ஒரு ராத்திரி கழிப்பறை சரியில்லை என்று காரைக்குடியில் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினேன்.

மரபு, பாரம்பரியம் என்று மேடையில் பேசுகிற பேச்சு வேண்டாம். அண்ணனிடம் சொல்கிற மாதிரி ஒரு காரணம் யாருக்காவது தெரியுமா?

கேள்விக்குறி எழுதியது:

உங்கள் அண்ணன் சொல்வதில் என்ன தப்பு? குடியிருக்காத வீட்டுக்குப் பணம் கொட்டுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. அந்தத் தேக்கு வேறு வீட்டில் கதவாகத்தான் போய் நிற்கப்போகிறது, வீணாகவில்லையே. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். மாதிரிக்கு அப்படி ஒன்று இருந்தால் போதாதா? ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் எதற்கு?

சுண்ணாம்புக்கை எழுதியது:

காரணம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள் வளவுவாசல்.

நான் சிவில் படித்தவன். ஆனால் வேலை கற்றது ஒரு வயதான கொத்தனாரிடம். பத்துப் பதினைந்து செட்டிநாட்டு வீடுகளில் கை வைத்திருக்கிறேன். இந்த வீடுகள் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை, தண்ணீரில் சாகின்றன. வளவைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரியும் அல்லவா? மூலையில் இரண்டு சரிவும் சேர்கிற இடத்தில் ஒரு தகடு ஓடும். அதில் இலை அடைக்கும். அடைத்த தண்ணீர் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் போகும். ஓட்டைத் தாங்குகிற கைமரத்தின் நுனி ஊறும். பர்மாத் தேக்குதான், கரையானுக்கு அசையாது, ஆனால் வருடக்கணக்கில் நனைந்தே கிடந்தால் அதுவும் இற்றுப்போகும். அப்புறம் ஒரு பறவை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். வேர் சுவருக்குள் போய்விட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆளில்லாத வீட்டில் இதெல்லாம் நடந்து முடிகிற வரை யாருக்கும் தெரியாது. உங்கள் அண்ணன் படம் எடுத்தது கடைசிக் கட்டம். முதல் கட்டத்தில் ஒரு ஆள் ஏணி வைத்து ஏறி, அரை நாளில் இலையை வாரிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். சுவரில் எங்காவது சிமெண்ட் பூசியிருக்கிறீர்களா?

வளவுவாசல் எழுதியது:

ஆமாம். தொண்ணூறுகளில் பெரியப்பச்சி இரண்டாங்கட்டில் அடிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசினார். இப்போது அங்கேதான் அதிகமாகப் பொரிந்து உதிர்கிறது. முகப்பில் பழைய பூச்சு இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும், சின்ன வயதில் வைத்துப் படுத்திருக்கிறேன்.

சுண்ணாம்புக்கை எழுதியது:

நினைத்தேன். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் வெளியே விட வழியில்லை. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். வெளியே பூச்சு கெட்டியாகத் தெரியும், தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்றொலி வரும். பெரியப்பச்சி நல்லதுக்குத்தான் செய்தார். செலவு செய்தே வீட்டைக் கெடுத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

உங்கள் முகப்புப் பூச்சு என்ன தெரியுமா? சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு ஆற்று மணலோடு அரைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல பூச்சு. கடைசிப் பூச்சுக்கு மணலே கிடையாது. வெண்ணெய் மாதிரி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. அது காய்கிற பக்குவம் பார்த்து வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்குவம் தாண்டினால் பளபளப்பு வராது. இதைப் புத்தகத்தில் நான் படித்தேன், புரியவில்லை. என் கொத்தனார் என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, "இப்போ. இப்போ தேய்" என்றார். அப்போதுதான் புரிந்தது.

கேள்விக்குறிக்கும் இதுதான் என் பதில். மாதிரிக்கு ஒரு வீடு போதும் என்றால் அந்த ஒரு வீட்டுக்கு வேலை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வரும்? அதுவரை அந்தக் கொத்தனார் சும்மா இருப்பாரா? அவர் மகன் திருப்பூர் போய்விட்டான். வேலை தொடர்ந்து வந்தால்தான் கை பழகும். நூறு வீடு இருந்தால்தான் அந்த ஒரு வீட்டையும் பழுது பார்க்க ஆள் இருப்பான்.

பூக்கல் எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன், மன்னிக்கவும்.

என் தாத்தா ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட கல், போட்டவர். கண்ணாடிமேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, மேலே மணல் கலவை போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் வந்துவிடும். உங்கள் வளவுகளில் அவர் போட்ட கல் இன்னும் கிடக்கும். ஆனால் கல் பதித்து முடிந்த பிறகு அந்த வீட்டுக்குள் அவர் போனதில்லை. திண்ணை வரைதான். கூலிகூட வாசலில் நின்று வாங்கியதுதான். "நம் பாரம்பரியம்" என்று நீங்கள் எழுதும்போது அந்த "நம்" யார் என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் பர்மாப் பணம். 1930-இல் கீழ்ப் பர்மா நெல் வயல்களில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். இடையில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயி கட்ட முடியவில்லை, அடமான நிலம் கை மாறியது. அந்தத் தேக்கில் அதுவும் இருக்கிறது. இதையெல்லாம் சுற்றுலா வழிகாட்டி சொல்வாரா?

வளவுவாசல் எழுதியது:

சொல்ல மாட்டார். நானும் இதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பர்மாக் கதை என்றால் 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்த கதைதான். அதில் நாங்கள் இழந்தவர்கள். அதற்கு முன்னால் இழந்தவர் யார் என்று யாரும் பேசியதில்லை.

அப்படியென்றால் உடைத்துவிடலாம் என்கிறீர்களா பூக்கல்? சண்டைக்காகக் கேட்கவில்லை.

பூக்கல் எழுதியது:

அதுதான் விசித்திரம், இல்லை. அந்தத் திண்ணை இருந்தால்தான் என் மகனைக் கூட்டிப்போய், "இதுவரைதான் உன் பாட்டனை விட்டார்கள், உள்ளே கிடக்கிற கல் முழுக்க அவர் கை" என்று காட்ட முடியும். உடைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு வெட்கக்கேடு கழிந்தது, எனக்கு சாட்சி போனது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

இன்னொரு விஷயம், இது ஊர்க்காரனாக. உங்கள் வளவு வாசலில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா? வீட்டுக்கு அடியில் கால்வாய் இருக்கும். அது தெருக் கால்வாயில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். காய்ந்த பூமி எங்களுடையது, அதற்காகத்தான் தெருவையே அப்படி வாட்டம் பார்த்து அமைத்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு வீடு உடைத்தார்கள். கல்லும் மண்ணும் கால்வாயை மூடிவிட்டது. அந்தப் பக்கத்து ஊருணியில் இப்போது மழைக்காலத்தில்கூட பாதித் தண்ணீர். நீங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு விற்பது உங்கள் தேக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

டேங்க்ரோடு எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து ஒரு குறிப்பு.

இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு கணக்குப்பிள்ளை, பாயில் உட்கார்ந்து வியாபாரம், ராத்திரி அங்கேயே படுக்கை. 1970-களில் நகரச் சீரமைப்பில் அவை போய்விட்டன. இன்றைக்கு அந்த இடத்தில் நின்றால் வானளாவிய கட்டடம்தான். அதே ஊரில் 1989-இல் லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். புத்தி கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நகரத்தார்கள், அதாவது அதே செட்டியார்கள், 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். இப்போது நிற்பது 1983-இல் புதிதாகக் கட்டியது, பழைய கட்டடம் இல்லை. ஆனாலும் 2014-இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். ஏன்? தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடி அங்கேதான் வந்து சேர்கிறது. வருடா வருடம் ஜனம் நடந்து வருகிற இடம். கிட்டங்கிக்கு அப்படி வர யாரும் இல்லை, அதனால் போனபோது கேட்கவும் யாரும் இல்லை. வளவுவாசல், உங்கள் வீட்டுக்கு இன்னும் யார், எதற்காக வருகிறார்கள்? அதைத்தான் முதலில் எண்ணுங்கள். வருவதற்கு ஒரு காரணம் இருக்கும்வரை வீடு நிற்கும் என்பது என் அனுபவம்.

யாழ்நேசன் எழுதியது:

டேங்க்ரோடு அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1981 மே 31 இரவு எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. பின்னாளில் கட்டடத்தைத் திருத்துகிற பேச்சு வந்தபோது ஊரில் இரண்டு கட்சி. எரிந்த சுவரை அப்படியே விடுங்கோ, எங்கட பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஒரு கட்சி. வெள்ளை அடித்துப் பழைய மாதிரியே கட்டுங்கோ, பிள்ளைகள் படிக்கட்டும் என்று மற்றக் கட்சி. கடைசியில் பழைய தோற்றத்திலேயே கட்டினார்கள். இண்டைக்குப் பிள்ளைகள் உள்ளே படிக்கினம். ஆனால் முன்னால் நின்று படம் எடுக்கிற சுற்றுலாக்காரருக்கு அது எரிந்த கட்டடம் என்று தெரியாது. எந்தக் கட்சி சரி என்று எனக்கு இன்னும் முடிவில்லை. வாரத்துக்கொருக்கால் அங்கே போறன், ஒவ்வொருக்காலும் மனம் மாறும்.

பூக்கல் சொன்ன திண்ணைக் கதையை வாசித்தபோது இதுதான் ஞாபகம் வந்தது. திருத்தும்போது எதைத் துடைக்கிறம், எதை விடுறம் என்பதையும் யோசியுங்கோ.

கேள்விக்குறி எழுதியது:

ஊருணி விஷயம் நான் யோசிக்காதது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு? ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது, ஹோட்டல் ஆக்குவது. கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், வாழை இலையில் சாப்பிடுகிறார்கள், பளபளக்கும் தரையைப் படம் எடுக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் உடைப்பதுதான். நடுவில் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பினாங்குப்பையன் எழுதியது:

ஹோட்டல் வழியில் போகுமுன் எங்கள் ஊரை ஒருமுறை பாருங்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு போனது. அதுவரை பழைய கடைவீடுகளில் மேலே குடியிருப்பு, கீழே தொழில் என்று தலைமுறையாக இருந்தவர்களுக்கு வாடகை எகிறியது. நிறையப் பேர் வெளியேறினார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. கட்டடங்களுக்கு யோகம் அடித்தது, அழகாகப் புதுப்பித்தார்கள். எங்கள் குடும்பம் லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டில் இன்று காபிக்கடை. எங்கள் பழைய எடைத்தராசை அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். போன மாதம் அதன் கீழே உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன். விலையைக் கேட்காதீர்கள்.

கட்டடம் பிழைத்தது, உண்மை. நாங்கள்தான் இல்லை. அதற்காக உடைத்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். உடைத்திருந்தால் கோபப்படக்கூட இடம் இருந்திருக்காது.

தூண்நிழல் எழுதியது:

சட்டம் பற்றி இரண்டு வரி. பங்காளிகள் குழுவில் கட்டாயம் யாராவது, "மரபுச் சின்னம் என்று அறிவித்துவிட்டால் ஆணிகூட அடிக்க முடியாது, அதற்குள் விற்றுவிடு" என்பார்கள். அந்தப் பயம் மத்தியத் தொல்லியல் சட்டத்திலிருந்து வருவது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது 2010 திருத்தம். உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதனால் உங்கள் பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறாது. மாநிலத்துக்கு 2012-இல் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது, நடைமுறைக்கு வருவதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆக அரசாங்கம் வந்து பிடுங்கப்போவதும் இல்லை, காப்பாற்றப்போவதும் இல்லை. உடைக்கிறவர் லாரி வரும் நாளில் எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

அப்பத்தாபேத்தி எழுதியது:

எல்லோரும் பேசிவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன், வளவுவாசல் அண்ணா. அந்தப் பதினொரு பங்கில் பெண்பிள்ளைகள் எத்தனை?

பூஜ்யம் என்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எண்ணினார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வேறு வீடு, வேறு குடும்பக் கணக்கு. ஆனால் தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது, அப்போது கல்யாணம் ஆகியிருந்தவர்களை விட்டுவிட்டார்கள். 2005-இல் மத்தியச் சட்டம் அந்தப் பாகுபாட்டையும் எடுத்தது. உங்கள் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது எப்போது பாகம் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தது, வக்கீலிடம் கேளுங்கள். ஒன்பது கட்டைவிரல் போதாது என்று உங்கள் அண்ணனுக்குச் சொல்ல இது ஒரு காரணம். நீங்கள் கேட்டது இந்த மாதிரிக் காரணம் இல்லை என்று தெரியும், ஆனால் வேலைக்கு ஆகும்.

எனக்குப் பங்கு இல்லை என்றுதான் வளர்த்தார்கள். ஆனால் எந்தச் சாவி எந்த அறைக்கு என்று எனக்குத்தான் தெரியும். வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் எதற்கு? கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அவன் மனைவி கொண்டுவந்த சாமான் அதில் இருக்கும். அப்பத்தா அறையைத் திறந்தால் ஒருவகைத் துரு வாசனையும் தாழம்பூ வாசனையும் சேர்ந்து வரும். எனாமல் தூக்குகள் ஒன்றுக்குள் ஒன்று ஒன்பது. ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, இது யார் கொடுத்தது, அது எந்தக் கல்யாணத்துக்கு வெளியே வந்தது என்று சொல்லிக்கொண்டே திரும்ப வைப்பார். முன்னோர்களுக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடிப் படைக்கிற படைப்பு அன்றைக்கு அந்த அறைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். அன்றைக்கு மட்டும்தான் எங்கள் பங்காளிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்ற நாளில் "ரெண்டாம் பங்கு", "அஞ்சாம் பங்கு" என்றுதான் பேச்சு.

எங்கள் வீட்டை உடைத்து ஆறு வருடம் ஆகிறது. படைப்பு இப்போது மண்டபத்தில் நடக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆளாளுக்கு டாக்ஸி. போன வருடம் என் பெரியப்பச்சி மகனின் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தூண்களில் இரண்டைக் காரைக்குடியில் பழைய பொருள் விற்கிற தெருவில் பார்த்தேன். அடியில் சின்னக் கீறல் இருக்கும், உயரம் குறித்து விளையாடியது. குனிந்து பார்த்தேன், எங்களுடையதுதான். விலை கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், "ஜோடியாத்தான் குடுப்பேன் ஆச்சி" என்றார்.

வளவுவாசல் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அப்பத்தாபேத்தியின் பதிவை அப்படியே குழுவில் போட்டேன். ஒரு நாள் முழுக்க ஒருவரும் பேசவில்லை. அடுத்த நாள் என் அத்தை, குழுவிலேயே இல்லாதவர், அண்ணனுக்கு போன் போட்டுவிட்டார். என்ன பேசினார் என்று அண்ணன் சொல்லவில்லை. "சரி, இந்தப் படைப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் எழுதினார். தீர்ந்துவிட்டது என்று நினைக்கவில்லை. உடைக்கிறவர் எண்ணை அவர் அழித்திருக்க மாட்டார்.

பதினொன்றில் ஆறு பங்கு பணம் போட்டது. சுண்ணாம்புக்கை சொன்னபடி மூலைத் தகட்டை மாற்றி, ஓடு பிரித்து அடுக்கியாயிற்று. கைமரம் இரண்டு மாற்ற வேண்டியிருந்தது, ஓட்டை இருந்த இடம் நாங்கள் பயந்த அளவு மோசமில்லை. சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்கப் பணம் போதவில்லை, அது அடுத்த வருடம். கழிப்பறை புதிதாகக் கட்டியாயிற்று. சிரிக்காதீர்கள், இந்த முறை எல்லோரும் தங்குவதற்கு அதுதான் காரணமாக இருக்கப்போகிறது.

பூக்கல், தெருக் கால்வாயைக் கம்பி விட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டிலிருந்து முக்குவரை ஓடுகிறது, அதற்கப்புறம் உடைந்த வீட்டின் கல் அடைத்திருக்கிறது. அது எங்கள் மனை இல்லை, அந்தப் பங்காளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறேன். படைப்புக்கு அடுத்த நாள் நீங்களும் உங்கள் மகனும் வர முடியுமா? திண்ணையில் உட்கார வைக்கிற மாதிரி இல்லை, உள்ளே வளவுக்கு. தாத்தா போட்ட கல் எது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, நீங்கள்தான் வந்து காட்ட வேண்டும்.

சுண்ணாம்புக்கை, ஒரு கேள்வி. முகப்பில் ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு விழுந்திருக்கிறது. உங்கள் கொத்தனார் இன்னும் வேலைக்கு வருவாரா?

சுண்ணாம்புக்கை எழுதியது:

ஏணி ஏற மாட்டார். நாற்காலி போட்டால் உட்கார்ந்து சொல்வார். தேய்க்கிற ஆள் நான்தான். கடுக்காயை இப்போதே வாங்கி ஊறப்போடுங்கள், முட்டை வேலை அன்றைக்குக் காலையில் வாங்கினால் போதும்.